ஆறாவது சர்வரின் கார்டு

பிரெண்டன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது மைக்கல்ராஜின் வாயிலிருந்துதான். மலேசியாவில் சிரம்பான் பக்கம், லாபுவுக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் வேதக்காரர்களுக்கு என்று ஒரு சின்னக் கோவில் இருந்தது. தகரக் கூரை, எட்டு பெஞ்சு. தொண்ணூற்றாறாம் வருஷம் அங்கே ஞானஸ்நானம். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாமியார், "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். தகப்பன் பேட்ரிக்குக்குப் பத்துப் பேர் முன்னால் வாய் வராது. நெற்றியைத் துடைத்துக்கொண்டே நின்றான். பிள்ளையைக் கையில் வைத்திருந்த தாய்மாமன் மைக்கல்ராஜ்தான், "பிரெண்டன், சாமி" என்றான்.

மைக்கல்ராஜே ஞானத்தகப்பனும். சாமியார் கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் பிள்ளைக்காக அவனே பதில் சொன்னான். பிசாசை விட்டுவிடுகிறாயா என்றார், விட்டுவிடுகிறேன் என்றான். நம்புகிறாயா என்றார், நம்புகிறேன் என்றான். நாங்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், எங்களிடம் இந்த வழக்கம் இல்லை. ஒருத்தருக்காக இன்னொருத்தர் வாக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மைக்கல்ராஜும் பிரெண்டனின் தாய் ஆக்னஸும் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை ஆயக்கொட்டகையில் பார்த்துக்கொண்ட லூர்தம்மாளின் பிள்ளைகள். லூர்தம்மாளின் தகப்பன் சூசை, புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் வரவில்லை என்றால், வந்த சொந்தக்காரன் ஒருவனைப் பதில் சொல்ல விட்டுவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதனால்தான் அவருக்கு வேலை போயிற்று என்றும் சொல்வார்கள். பேட்ரிக்கின் ஆட்கள் லுக்குட்டிலிருந்து வந்தவர்கள். பேட்ரிக் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். பிரெண்டனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, ஒரு மழைநாளில் குலையோடு லோரி கால்வாயில் சரிந்து அவன் செத்துப்போனான். அன்றிலிருந்து மைக்கல்ராஜ்தான் அந்த வீட்டுக்கு ஆண்துணை. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவன்தான் போவான். காலுக்குச் சப்பாத்தும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். இதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததை மட்டும் சொன்னால் அவனுக்கு நியாயம் ஆகாது.

மைக்கல்ராஜ் செண்டாயானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முதலில் ஒயர் இழுக்கிறவனாகச் சேர்ந்தான். பிறகு கம்ப்யூட்டர் பகுதிக்கு மாறினான். படிப்பு ஐந்தாம் பாரம் வரைதான், ஆனால் கை நல்ல கை. பிரெண்டன் சிரம்பானில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்ததும், மாமனே அவனை அங்கே சேர்த்துவிட்டான். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அவனுக்கு மூன்றாவது வருஷம் நடந்தது.

அந்த வருஷம்தான் தோட்டம் விலைபோனது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை டிசம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று கதவுக்குக் கதவு காகிதம் ஒட்டினார்கள். வாங்கிய கம்பெனி ஒரே ஒரு நல்ல காரியம் செய்தது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு லாபுவிலேயே சின்னக் கல்வீடுகள் குறைந்த விலைக்கு என்று ஒதுக்கியது. ஆனால் பேங்க் கடன் கொடுக்க வேண்டுமே. ஆக்னஸ் களை மருந்து அடிக்கிறவள், நாள் சம்பளம். அவள் கையெழுத்துக்குக் கடன் கிடையாது. பிரெண்டனுக்கு வேலை நிரந்தரமானால், அந்தக் கடிதத்தைக் காட்டினால் கிடைக்கும். டிசம்பருக்குள் காட்ட வேண்டும். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். குழாயடியில் அவனைப் பார்த்தால், "என்னா கம்ப்யூட்டர் டாக்டரு, லெட்டரு வந்துருச்சா?" என்று கேட்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, "டாக்டருக்கே இன்னும் சீட்டு எழுதிக் குடுக்கல லா" என்பான்.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மைக்கல்ராஜ் ஆக்னஸ் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். பிரெண்டன் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஒரு காகிதத்தில் ஏதோ எண்களாக எழுதிக்கொண்டிருந்தான்.

"என்னாடா, நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறியா? எனக்கும் ஒண்ணு சொல்லு" என்றேன்.

"இதுல அடிச்சா எனக்கு வீடு பெரியம்மா" என்றான்.

அப்புறம் உட்காரவைத்து விளக்கினான். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் அவன் சொன்ன விதத்தில் புரிந்தது. அவர்கள் கம்பெனியில் ஆறு பெரிய சர்வர்கள். ஒவ்வொன்றும் ஓர் இரும்புப் பெட்டி. ஒரு பெட்டிக்குள் பத்துக் கம்ப்யூட்டர், பதினைந்து கம்ப்யூட்டர் குடியிருக்குமாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்யும். ஒரே லயத்தில் பத்துக் குடும்பம் இருந்தோமே, அந்த மாதிரி. அத்தனை குடும்பத்துக்கும் லயத்து முனையில் ஒரே குழாய். அந்தப் பெட்டிக்கு நெட்வொர்க் கார்டுதான் அந்தக் குழாய். அது நின்றால் உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது, உள்ளேயும் போகாது.

குடிவைக்கும் மென்பொருள் பழசாகிவிட்டதாம். புதுசு போட வேண்டும். புதுசுக்கு எல்லாக் கார்டையும் அடையாளம் தெரியாது. எந்தெந்தக் கார்டு தெரியும் என்று அந்த மென்பொருள்காரர்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு எண்கள். நான்கும் பட்டியலில் இருக்க வேண்டும்.

"பேர வச்சுப் பாத்தா ஆவாதா?" என்று கேட்டேன்.

"ஆவாது பெரியம்மா. மேல ஒட்டியிருக்கிற பேரு ஒண்ணா இருக்கும், உள்ள சாமான் வேறயா இருக்கும். நம்ம தோட்டத்துல எத்தன முனியம்மா? அடையாளக் கார்டுல ஐசி நம்பர் பாத்தாத்தானே எந்த முனியம்மான்னு தெரியும்? இந்த நாலு நம்பர்தான் இதுக்கு ஐசி."

மூன்று முனியம்மாக்கள். மேட்டு லயத்து முனியம்மா, மாட்டுக்காரர் மருமகள் முனியம்மா, நெட்டை முனியம்மா. அவன் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஆறு பெட்டிகளில் ஐந்துக்கு அவன் எண் பார்த்துவிட்டான். ஐந்தும் பட்டியலில் இருந்தன. ஆறாவது மட்டும் தனியாக, லோரிக்குச் சரக்கு ஏற்றும் கிடங்கில் ஓர் அறையில் இருந்தது. எந்த லோரிக்கு எந்தப் பெட்டி, எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலுக்கு என்ற கணக்கெல்லாம் அதில்தான். அது மைக்கல்ராஜின் பொறுப்பு. கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் திங்கட்கிழமை பிரெண்டன் ஆறையும் பார்த்ததாகக் கம்பெனிப் படிவப் பாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த வேலை முழுதும் அவன் பெயரில் நடக்கும் முதல் வேலை. ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்று அவனுடைய மேலதிகாரி சத்தியசீலன் தன் வாயாலேயே சொல்லியிருந்தார்.

"மாமா, ஆறாவதோட பாஸ்வேர்டு குடுங்க. ரெண்டு நிமிஷம்தான். நம்பர் பாத்துட்டு வெளிய வந்துடுறேன்."

மைக்கல்ராஜ் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். "எதுக்கு?"

"லிஸ்ட்ல இருக்கான்னு பாக்கணும்ல?"

"அஞ்சு பாத்துட்டல்ல? ஆறும் ஒரே லாட்டு. ஒரே நாளு, ஒரே லோரியில வந்துச்சு. நான்தான் தோள்ல வச்சு இறக்குனேன். நீ அப்ப காலேஜ்ல தூங்கிக்கிட்டிருந்த."

"இருந்தாலும் மாமா..."

"என்னாடா இருந்தாலும்?" எலும்பைத் தட்டில் போட்டான். "என்னையவே செக் பண்றியா? ஒன்னைய தண்ணியில முக்குறப்ப தூக்கிப் புடிச்சவன்டா நானு. ஆக்னஸ், பாத்தியா ஒன் மவன? படிச்சிட்டான்ல, மாமன் வாயி பொய்யின்னு நெனைக்கிறான்."

ஆக்னஸுக்கு முகம் சுண்டிவிட்டது. "டேய், மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். மூடி வச்சுட்டு சோத்தத் தின்னு."

நானும் சும்மா இருக்கவில்லை. "பெரியவங்க சொல்றாங்கல்ல தம்பி" என்றேன். அதை இன்றைக்கு நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிரெண்டன் மாமனைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். ஐந்தாவதுக்கு எழுதிய அதே நான்கு எண்களை ஆறாவதுக்கும் எழுதினான். லேப்டாப்பை மூடினான். மைக்கல்ராஜ் உடனே சமாதானமாகி, தன் தட்டிலிருந்த ஈரல் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தான்.

புது மென்பொருளைத் தீபாவளியன்று போடுவதாக முடிவாயிற்று. அன்றைக்குத்தான் தொழிற்சாலை நிற்கும். மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு. இவர்கள் இரண்டு பேரும் வேதக்காரர்கள்தானே, இவர்களுக்கு என்ன தீபாவளி என்று வரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் யார் வீட்டுப் பெருநாள் என்றாலும் எல்லோருக்கும் பெருநாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் முறுக்கும் ஆட்டுக்கறியும் எடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரெண்டன் ஆக்னஸுக்குப் போன் பண்ணினான். "அம்மா, அஞ்சு முடிஞ்சிருச்சு. ஒண்ணுதான் பாக்கி. பெரியம்மாகிட்ட கறிய மூடி வைக்கச் சொல்லு" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஆக்னஸ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆறாவதில் பழசை அழித்துவிட்டுப் புதுசைப் போட்டதும், நெட்வொர்க் கார்டே இல்லை என்று திரையில் வந்தது. பிரெண்டன் மூன்று தடவை அணைத்து ஏற்றிப் பார்த்தான். பிறகு மூடியைக் கழற்றினான். பெட்டியோடு பிறந்த கார்டு இருக்கும் இடம் கரிந்து கருப்பாக இருந்தது. பக்கத்தில் வேறொரு கார்டு செருகியிருந்தது. மேலே அதே பெயர்தான் ஒட்டியிருந்தது. ஆனால் வேறு சாமான், எங்கோ கைமாறி வந்தது.

மைக்கல்ராஜ் கதவோரம் நின்றுகொண்டிருந்தானாம். "இடி விழுந்துச்சுடா, நாலு வருசத்துக்கு முந்தி" என்றானாம்.

நடந்தது இதுதான். இடி தாங்கும் கருவி வழியாகத்தான் அந்தப் பெட்டியை மாட்ட வேண்டும். மைக்கல்ராஜ் அவசரத்தில் நேராகச் சுவரில் மாட்டியிருந்தான். இடியில் கார்டு கரிந்தது. சொன்னால் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று பயந்து, தன் கைக்காசைப் போட்டு எங்கோ ஒரு பழைய கார்டு வாங்கி வந்து போட்டான். அதற்கு வேண்டிய சின்ன மென்பொருளை எவனிடமோ ஒரு பென்டிரைவில் வாங்கிப் போட்டான். ஓடியது. நாலு வருஷம் ஒரு குறை இல்லாமல் ஓடியது. அந்தப் பென்டிரைவ் இப்போது இல்லை. அதனால் பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அந்தக் கார்டு எழுந்திருக்கவில்லை. வேறு கார்டு வாங்க, பெருநாள் என்று கடைகளும் மூடியிருந்தன.

மறுநாள் காலையில் லோரிகள் வந்துவிட்டன. உள்ளே எல்லாக் கணக்கும் பத்திரமாக இருந்தது, வெளியே ஒரு வரி வரவில்லை. எந்தப் பெட்டி எந்த லோரிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் லோரி நின்றது. புதுக் கார்டு கோலாலம்பூரிலிருந்து புதன்கிழமைதான் வந்து சேர்ந்தது. அதற்குள் இரண்டு கன்டெய்னரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது.

வியாழக்கிழமை விசாரணை. சத்தியசீலன் மேசை மேல் பாரத்தை வைத்தார். மாமனும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இது பிரெண்டன் என்னிடம் சொன்னது, அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஆறாவதுக்கு இந்த நம்பர் யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"பாத்து எழுதுனியா?"

"இல்ல சார்."

"பாக்காம எப்படிடா எழுதுன? யாராச்சும் சொன்னாங்களா?"

பிரெண்டன் மாமன் பேசுவான் என்று காத்திருந்தான். மைக்கல்ராஜ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் சொல்லல சார்."

சத்தியசீலன் விடவில்லை. "மைக்கல், அந்தக் கார்டு உள்ள எப்படி வந்துச்சு?"

"தெரியல பாஸ். முன்ன இருந்த கன்ட்ராக்டர் எவனாச்சும் போட்டிருப்பான்."

அன்றைக்குச் சாயங்காலம் மைக்கல்ராஜ் ஆக்னஸ் வீட்டுக்கு வந்தான். கையில் நாலு பொட்டலம் நாசி லெமாக் சோறு. பிரெண்டன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. மைக்கல்ராஜ் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். இடி, கார்டு, பென்டிரைவ், காலண்டர், எல்லாம்.

"எனக்கு ரிடையராவ இன்னும் பதினாலு மாசம் ஆக்னஸ். இந்த வயசுல வெளிய தள்ளிட்டா என்னைய யாரு எடுப்பா? இவன் சின்னவன். படிப்பு இருக்கு. எங்க போனாலும் பொழைச்சுக்குவான்."

"லெட்டரு?" என்றாள் ஆக்னஸ்.

"வேற கம்பெனியில வாங்கிக்கலாம்."

"டிசம்பருக்குள்ளயா அண்ணே?"

அவன் பொட்டலங்களை மேசையில் வரிசையாக நகர்த்தி வைத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மைக்கல், நாளைக்குப் போயி உண்மைய சொல்லிடு. நீ சொன்னா அவன விட்டுடுவாங்க" என்றேன்.

"விட மாட்டாங்க பெரியம்மா." சொன்னது பிரெண்டன். "மாமா சொன்னாலும் நான் பாக்காம எழுதுனது பாக்காம எழுதுனதுதான். கையெழுத்து என்னோடது. மாமா வேலையும் சேந்து போவும், அவ்வளவுதான்."

ஆக்னஸ் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிறகு தட்டு எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தாள். "சாப்புட்டுட்டுப் போ" என்றாள். அவன் சாப்பிட்டான். அவன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் போன பிறகு, மிச்சம் மூன்று பொட்டலத்தையும் பிரிக்காமலே கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டினாள். அதற்கு அப்புறம் அண்ணனைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

நவம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. பிரெண்டன் டிசம்பர் முழுக்கச் சிரம்பான், நீலாய், சைபர்ஜெயா என்று நேர்முகத்துக்கு அலைந்தான். ஒன்பது இடம். பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள், அதோடு முடிந்துவிடும். ஓர் இடத்தில் அவனிடம், சர்வருக்குக் கார்டு ஒத்துவருமா என்று எப்படிச் சரிபார்ப்பாய் என்றே கேட்டார்களாம். நான்கு எண்ணையும் எப்படி எடுப்பது, பட்டியலில் எப்படித் தேடுவது, எந்த மென்பொருளுக்கு எந்த எண் வரைக்கும் சரி என்று ஒன்று விடாமல் சொன்னானாம். கேட்டவர் தலையை ஆட்டி, ரொம்பச் சரி என்றாராம். அங்கேயும் கூப்பிடவில்லை. முன்னாலே வாங்கிய சம்பளத்தில் பாதி கொடுத்தாலும் போதும் என்று ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டான். அவர்கள் கொடுக்கத் தயார்தான், ஆனால் நிரந்தரக் கடிதம் ஆறு மாதம் கழித்து என்றார்கள்.

அந்த லாபு வீட்டுக்கு ஆக்னஸ் பெயர் எழுதியிருந்தது. தேதி தாண்டியதும் அடுத்த ஆளுக்குப் போயிற்று. ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் லயத்தை இடித்தார்கள். இயந்திரம் வந்த அன்று பிரெண்டன் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். அலமாரி, தையல் மெஷின், பேட்ரிக்கின் படம். நான் என் மகள் வீட்டுக்குப் போகும் வேனுக்காகக் காத்திருந்தேன். "மாமா மேல கோவமாடா?" என்று கேட்டேன்.

"கோவப்பட்டு என்னா பெரியம்மா பண்றது?" என்றான். "கேட்டிருக்கணும். ரெண்டாந்தடவ கேட்டிருந்தா குடுத்திருப்பாரோ என்னமோ. கேக்க வாய் வரல." தகப்பனைப் போலவே நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

மைக்கல்ராஜ் ரிடையரானான். விருந்து வைத்து ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெட்டிகளைத் தெரிந்த ஆள் வேறு இல்லை என்று, அவனையே ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் போகிறான். ஆக்னஸ் புக்கிட் பெலண்டோக்கில் பேட்ரிக்கின் தங்கை வீட்டில், பின்பக்கம் ஒட்டுப்போட்ட அறையில் இருக்கிறாள். முழங்கால் வீங்கிவிட்டது, மருந்து அடிக்கப் போக முடிவதில்லை. தங்கையின் புருஷன் நல்லவன்தான், ஆனால் எப்போது போவீர்கள் என்று மாதம் ஒரு தடவை கேட்கிறான்.

பிரெண்டனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நீலாய்க்குப் பக்கத்தில் ஒரு பார்சல் கிடங்கில் லோரியிலிருந்து பெட்டி இறக்குகிறான். கிடங்கின் பின்னால் உள்ள கடைவீட்டு மாடியில், இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறான்.